பன்னிரண்டு ‘ஆம்’ வேண்டும்

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டைக் கொன்றவர் கணக்கெடுப்பாளர்தான். கொலைக்கு அவர் பயன்படுத்திய ஆயுதம் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் இருந்தவை ‘ஆரோக்கியமான சமூகத்தின் சமூக அடித்தளங்கள்: ஒரு மதிப்பீடு’ என்று தலைப்பிட்ட படிவங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் மூன்றாம் மாடிச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு நிமிட வேலைதானே என்று, லிஃப்ட் ஓடிவிடாமல் இருக்கப் பெட்டியைக் கதவுக்குக் குறுக்கே வைத்தார். டேப்பின் நுனி கிடைக்கவில்லை. டேப் சுருளை நகத்தால் சுரண்டி நுனி தேடுகிற மனிதனுக்கு உலகம் இடிந்து விழுந்தாலும் தெரியாது. கதவு வந்து பெட்டியை முட்டியது, திரும்பிப் போனது, மறுபடி வந்து முட்டியது. கதவுக்கு அசாத்தியப் பொறுமை. கால் மணி நேரம் முட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு முனகல் முனகி, கருகிய வாசனையோடு உயிரை விட்டது. அதே நொடியில் டேப்பின் நுனியும் கிடைத்தது. அறிவிப்பை நேராகவே ஒட்டினார். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.’

யோக்கியன் என்றால் அப்போதே நாலு கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்லியிருப்பான். கணக்கெடுப்பாளரும் யோக்கியர்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து அவருடைய யோக்கியம் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பில் போயிருந்தது. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே படிக்கட்டு என்றால் உயிர் என்பது போன்ற முகத்தோடு கீழே இறங்கினார்.

கீழே தரைத்தளத்தில் ஒரு சின்ன அறை. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், சுகாதாரத் துறையின் நர்ஸம்மா அங்கே உட்காருவார். பிரஷர் பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், கேட்காதவர்களையும் கூப்பிட்டுத் திட்டுவார். அந்த அறை இங்கேயே இருக்கலாமா, வேறு கட்டடத்துக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்யத்தான் இந்தக் கணக்கெடுப்பு.

படிவத்தில் முப்பது கேள்விகள். இருபத்தொன்பது சும்மா அலங்காரத்துக்கு. உயிர் முப்பதாவதில் இருந்தது: ‘இந்தக் கட்டடத்தில் வசிப்பவர்களை நம்புகிறீர்களா?’ பக்கத்தில் இரண்டே கட்டங்கள், ஆம், இல்லை. மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்புகிற இடத்தில்தான் ஆரோக்கியம் வேர்பிடிக்கும் என்று துறையில் யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தார்கள். கட்டடத்தில் இருபது வீடுகள். பன்னிரண்டு ‘ஆம்’ வந்தால் நர்ஸம்மா இருப்பார். பதினொன்று வந்தால் மேசை, தராசு, நர்ஸம்மா எல்லாம் வண்டியேறும்.

“வந்துரும்ல சார்?” என்றார் நர்ஸம்மா. “இந்த ரூம் போச்சுன்னா இவங்க பிரஷர் பார்க்க ரெண்டு பஸ் மாறணும். பஸ்ல ஏறி இறங்குறதுக்குள்ளயே பிரஷர் ஏறிரும்.”

“தாராளமா வரும்மா. பார்த்தாலே தெரியுதே, எல்லாரும் அன்னியோன்னியமா இருக்காங்க.”

அப்போது மேலே நாலாம் மாடியிலிருந்து ஒரு குரல் படிக்கட்டு வழியாக உருண்டு வந்தது. “எந்தப் புண்ணியவான்டா லிஃப்ட்டை உடைச்சது?”

குரல் வேன் டிரைவருடையது. ஆறடி உயரம், அதற்கு ஏற்ற தொண்டை. ஆர்டர் வரும் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் ஏற்றிப் போகிற வேன் அவருடையது. நாளெல்லாம் ஊருக்குத் தூக்கிவிட்டு வருகிறவர் தன் வீட்டுக்கும் நாலு மாடி தூக்குவது என்றால் வயிற்றெரிச்சல் வரத்தானே செய்யும்.

மத்தியானம் மெக்கானிக் வந்தார். கதவுக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குடைந்து, கொஞ்சம் நூலும் பஞ்சுமாக வெளியே எடுத்துக் காட்டினார். “மோட்டார் எரிஞ்சு போச்சு. எவனோ ரொம்ப நேரம் எதையோ குறுக்க வெச்சிருக்கான். பார்ட்ஸ் வர பத்து நாள் ஆகும்.”

சுற்றி நின்றவர்கள் நூலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து மூன்றாம் மாடிப் பக்கம் பார்த்தார்கள். அங்கேதான் தையல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். தினமும் காலையில் துணி மூட்டைகளை லிஃப்ட்டில் ஏற்றி வருகிறவர் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

“நான் இல்லீங்க,” என்றார் தையல்காரர். அதிகம் பேசாதவர். ஒரு தடவை சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை, மறு தடவை சொல்லவில்லை. உள்ளே போய் மெஷினை மிதித்தார்.

கணக்கெடுப்பாளர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார். ‘சொல்லிடு’ என்றது ஒரு மனசு. ‘டிரைவரோட கையைப் பார்த்தியா?’ என்றது இன்னொரு மனசு. அவர் டிரைவரின் கையைப் பார்த்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு மனசும் ஒன்றுபட்டன.

புதனும் வியாழனும் படிவத்தோடு வீடு வீடாக ஏறினார். முதல் இருபத்தொன்பது கேள்விகளுக்கும் ஜனங்கள் மணிமணியாகப் பதில் சொன்னார்கள். தினமும் நடக்கிறோம், பச்சைக் காய்கறி சாப்பிடுகிறோம், சீக்கிரம் தூங்குகிறோம். சொல்லும்போதே கொட்டாவியும் விட்டார்கள். முப்பதாவது கேள்வி வந்ததும் முகம் மாறியது.

“நம்பிக்கையா? லிஃப்ட்டை உடைச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கிற ஆளுங்களையா நம்பச் சொல்றீங்க?” என்றார் டிரைவர். “இல்லைன்னு போடுங்க. கொட்டை எழுத்துல போடுங்க.”

இரண்டாம் மாடி அம்மாள் வாசலில் நின்றே பதில் சொன்னார். “யாரையும் நம்புறதுக்கில்ல சார். காலம் அப்படிக் கிடக்கு. மனுஷனுக்கு மனுஷன் விஷம்.” சொல்லிக்கொண்டே தன் வீட்டுச் சாவியை எதிர்வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். “அக்கா, அடுப்புல பால் இருக்கு. பொங்குச்சுன்னா அணைச்சிருங்க. நான் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்.”

கணக்கெடுப்பாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சாவிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஐந்தாம் மாடியில் ஓய்வு பெற்ற ரயில் கார்டு ஒருவர் தனியாக இருந்தார். எதைக் கேட்டாலும் ‘போகலாம்’ என்று கையசைத்துவிடுவதால் அவருக்குக் கட்டடத்தில் பச்சைக்கொடி என்று பெயர். காலில் ஆறாத புண். லிஃப்ட் செத்த அன்றைக்கு நர்ஸம்மா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்து கட்டு மாற்றினார். பால்கனியிலிருந்து பச்சைக்கொடி கயிற்றில் ஒரு வாளியை இறக்குவார். போகிற வழியில் நாலாம் மாடி டிரைவர் அதில் தண்ணீர் பாட்டில் வைப்பார், மூன்றாம் மாடித் தையல்காரர் மனைவி சாப்பாட்டுப் பொட்டலம் வைப்பார், கீழே யாராவது செய்தித்தாள் போடுவார்கள். வாளி மேலே போகும்போது டிரைவரும் தையல்காரர் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வாளி மட்டும் நிறைந்து போகும்.

கணக்கெடுப்பாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். “சார், இவங்க சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணா இருக்கு. செய்யறதை எழுதிக்கலாமா?”

“சொன்னதை மட்டும் எழுதுங்க,” என்றார் மேலதிகாரி. “நீங்க பார்த்ததை யார் கேட்டா?”

வியாழன் சாயங்காலம் கூட்டிப் பார்த்தார். பதினெட்டு வீடு முடிந்திருந்தது. ‘ஆம்’ நாலு. இரண்டு வீடு பாக்கி. ஒன்று பூட்டியிருந்தது. இன்னொன்று தையல்காரர் வீடு. அந்தக் கதவைத் தட்டக் கை வரவில்லை. மூன்று தடவை மூன்றாம் மாடியை வேகமாகக் கடந்து போனார். மூன்று தடவையும் உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவர் நர்ஸம்மா முன்னால் போய் உட்கார்ந்து, கையை நீட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். “லிஃப்ட்டை உடைச்சது நான்தாம்மா.”

நர்ஸம்மா பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தார். முள்ளைப் பார்த்தார். “நூத்தி அறுபத்தெட்டு. மூணு நாளா உள்ளயே வெச்சிருந்தீங்களா?”

“ஆமா.”

“என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? நான் பிரஷர்தான் பார்ப்பேன், பாவ மன்னிப்பு குடுக்க மாட்டேன். எந்திரிங்க, பெரியவரைக் கீழ எறக்கணும். புண்ணு நிறம் சரியில்ல, ஆஸ்பத்திரி வண்டி வந்து நிக்குது. மூணு பேர் மேல போயிட்டாங்க, ஒரு கை குறையுது.”

அப்படித்தான் கணக்கெடுப்பாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் பின்பக்க வலது காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்பக்க இடது கால் முதல் மாடியில் இருக்கிற ஜிம் மாஸ்டரிடம். முன்பக்கம் ஒரு கால் டிரைவர், ஒரு கால் தையல்காரர். நடுவில் மடியில் மருந்துப் பையோடு பச்சைக்கொடி வீற்றிருந்தார். “போகலாம்,” என்று கையசைத்தார். நாற்காலி நகர்ந்தது.

நாலாம் மாடி வரைக்கும் டிரைவர் மூச்சு மட்டும் வாங்கினார். நாலாம் மாடி தாண்டியதும் வாய் திறந்தது. “ஒருத்தர் செஞ்ச வேலை, ஊரே சுமக்குது. இல்லையாண்ணே?”

தையல்காரர் அடுத்த படியில் காலை வைத்தார்.

“மூட்டையை நாலு படி தூக்கிட்டு வந்தா தேய்ஞ்சா போயிருவீங்க? இப்ப இவரைத் தூக்கறீங்கல்ல?”

“தம்பி, படியைப் பார்த்து வைங்க,” என்றார் தையல்காரர். அவ்வளவுதான். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. அது நாற்காலியின் கனத்தால் புடைத்ததில்லை என்று பின்னாலிருந்து பார்த்த கணக்கெடுப்பாளருக்குத் தெரிந்தது.

“அவர் இல்ல,” என்றது ஒரு குரல். குரல் தன்னுடையது என்று தெரிய அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. “நான்தான். என் பெட்டிதான். நோட்டீஸ் ஒட்டுறதுக்காகக் குறுக்க வெச்சேன். டேப் நுனி கிடைக்கல. அவர் மேல எந்தத் தப்பும் இல்ல.”

மூன்றாம் மாடிக்குக் கொஞ்சம் மேலே, படிக்கட்டின் நட்ட நடுவில், நாற்காலி நின்றது. டிரைவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். காது மடல் சிவந்திருந்தது. கணக்கெடுப்பாளர் கையெடுத்துக் கும்பிட நினைத்தார். கையில் நாற்காலிக் கால். டிரைவர் அவர் சட்டையைப் பிடிக்க நினைத்தார். அவர் கையிலும் நாற்காலிக் கால். ஜிம் மாஸ்டர், இப்படி ஒரு சமயத்தில் கை காலியாக இல்லையே என்று வருத்தப்படுகிறவர் போல உதட்டைக் கடித்தார்.

“மூணு நாளு!” என்றார் டிரைவர். “மூணு நாளா எங்க வீட்டுக்கு வந்து நம்புறியா நம்புறியான்னு கேட்டியேய்யா!”

“ஆமாங்க.”

“என் வீட்டு டீ வேற குடிச்சே!”

“ரெண்டு தடவை,” என்றார் கணக்கெடுப்பாளர். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

நாற்காலி மேலேயிருந்து பச்சைக்கொடியின் குரல் வந்தது. “முதல்ல என்னைக் கீழ எறக்குங்க. அப்புறம் சாவகாசமா அவரை அடிங்க. நடுவுல கையை விட்டுராதீங்கப்பா, நான் வெறும் பயணி.”

இறக்கினார்கள். வண்டி போனது. அடி விழவில்லை. விழுந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்படி எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், நடு வழியில் கிடக்கிற ஈரத் துணியைச் சுற்றிப் போவது மாதிரி. டிரைவர் தையல்காரர் முன்னால் போய் நின்றார். “அண்ணே...” என்றார். பிறகு, “வெயில் ஜாஸ்தியா இருக்கு,” என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

கணக்கெடுப்பாளர் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. களப்பணியாளரின் தவறால் பதில்கள் பாதிக்கப்பட்டிருந்தால், தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டு அறிக்கை கொடுத்தால், முப்பதாவது கேள்வியை மட்டும் ஒரே ஒரு முறை மறுபடி கேட்கலாம். படிக்கட்டிலேயே உட்கார்ந்து எழுதினார். ‘டேப்பின் நுனி’ என்ற சொல்லை ஓர் அரசாங்க அறிக்கையில் எழுதிய முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று பட்டது.

“அனுப்புங்க,” என்றார் மேலதிகாரி போனில்.

“என் வேலை சார்? ஒப்பந்தம் அடுத்த மாசம் முடியுது.”

“அதை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“போயிருமா, இருக்குமா சார்?”

“பார்த்துக்கலாம்னு சொல்றேன்ல?”

திங்கட்கிழமை மறுபடி ஏறினார். இந்தத் தடவை யாரும் டீ தரவில்லை. பதில் மட்டும் தந்தார்கள், அதையும் சுற்றி வளைத்து. “அப்படியொண்ணும் மோசமில்ல.” “ஏதோ ஓடுது.” “நாம நல்லா இருந்தா எல்லாரும் நல்லவங்கதான்.” ஒவ்வொன்றையும் ‘ஆம்’ கட்டத்துக்கோ ‘இல்லை’ கட்டத்துக்கோ ஓட்டிக்கொண்டு போய் அடைப்பதற்குள் அவருக்கு நாக்கு வறண்டது. இரண்டாம் மாடி அம்மாள் இந்த முறையும் ‘யாரையும் நம்புறதுக்கில்ல’ என்றார். இந்த முறையும் கையில் எதிர்வீட்டு அக்காவின் சாவி இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த பச்சைக்கொடியை முதல் மாடியில் ஜிம் மாஸ்டர் தன் முன்னறையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “அஞ்சு மாடி தூக்கிட்டு வந்தாங்க,” என்றார் பெரியவர். “வழி பூரா சண்டை. ஆனா கீழ போடலையே. ஆம்னு போடு.”

டிரைவர் கதவைப் பாதி திறந்தார். “இல்லை.”

“இப்பவுமா? அதான் யார்னு தெரிஞ்சு போச்சே.”

“அதனாலதான். நானே ஒரு மனுஷனை அநியாயமா பேசினேன். நானே இருக்கிற கட்டடத்தை நான் எப்படிய்யா நம்புறது?” கதவு மூடியது. மறுபடி திறந்தது. டிரைவர் ஒரு பேன்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரைப் பார்க்காமல் ஒரு மாடி கீழே இறங்கினார்.

அன்று பூட்டியிருந்த வீட்டையும் சேர்த்துப் பத்தொன்பது வீடு. பதினொரு ‘ஆம்’. எட்டு ‘இல்லை’. இரண்டு தடவை எண்ணினார், தலைகீழாகவும் எண்ணினார். பதினொன்றுதான். கீழே அறை வாசலில் நர்ஸம்மா நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிறவர், திங்கட்கிழமை வேறு ஏதோ வேலையாக வந்தேன் என்றார். என்ன வேலை என்று சொல்லவில்லை.

தையல்காரர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நடக்க இடமில்லை. தரையிலும் கட்டிலிலும் ஜன்னல் விளிம்பிலும் துணிகள். தையல்காரர் மனைவி நடுவில் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

“வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இதைப் பாருங்க. ரெண்டாம் மாடி அக்கா ஜன்னல் திரை. ஓரம் அடிக்கணுமாம். ஓரம் அடிச்சுதான் இருக்கு. அடிச்சதே இவர்தான், போன மாசம். இது முதல் மாடி ஜிம்காரரோட சட்டை. பட்டன் தைக்கணுமாம். எல்லாப் பட்டனும் இருக்கு. நேத்துலேர்ந்து ஒவ்வொருத்தரா வந்து குடுத்துட்டு, மூஞ்சியப் பார்க்காம ஓடறாங்க. டிரைவர் தம்பி இப்பத்தான் வந்துச்சு. பேன்ட்டைக் குட்டை பண்ணணுமாம். ஏற்கெனவே கணுக்காலுக்கு மேல நிக்குது. இதுக்கு மேல குறைச்சா டவுசர்தான்.”

“மன்னிப்புன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலையா?”

“அந்த வார்த்தைக்குத்தான் பட்டன் தைக்கணும் போல இருக்கு,” என்றார் அந்த அம்மாள். “வாயிலேர்ந்து வர மாட்டேங்குது.”

தையல்காரர் மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை. டிரைவரின் பேன்ட்டைக் கையில் எடுத்தார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். மடிப்பைப் பிரித்து, உள்ளே மடங்கியிருந்த துணியைத் தேடி எடுத்து, பேன்ட்டை ஒரு விரற்கடை நீளமாக்கினார்.

கணக்கெடுப்பாளர் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். படிவத்தை விரித்தார். விதிப்படி கேள்வியை எழுதியிருக்கிறபடி மட்டும்தான் படிக்க வேண்டும். கெஞ்சக் கூடாது, சாடை காட்டக் கூடாது, கீழே நர்ஸம்மா நிற்கிறார் என்று சொல்லக் கூடாது, பதினொன்று என்று சொல்லவே கூடாது. இத்தனையையும் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு வாசித்தார்.

“இந்தக் கட்டடத்தில் வசிப்பவர்களை நம்புகிறீர்களா?”

மெஷின் ஓடியது. நின்றது. தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

“திருடன் மாதிரி பார்த்தாங்க,” என்றார் தையல்காரர். “மூணு நாளு. படியில ஏறும்போது கதவைச் சாத்தினாங்க.”

“ஆமாங்க.”

“அதுக்குக் காரணம் நீங்க.”

“ஆமாங்க.”

தையல்காரர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாப் பட்டனும் இருக்கிற சட்டை, ஓரம் அடித்த திரை, பிரிக்கவே வேண்டாத தலையணை உறைகள். பேன்ட்டை உதறி, இரண்டாக மடித்து, மடிப்பைக் கையால் நீவினார். கணக்கெடுப்பாளரின் பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இன்னொரு ‘ஏதோ ஓடுது’ வந்தால் அதை எந்தக் கட்டத்தில் அடைப்பது என்று அவர் மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

தையல்காரர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தார்.

“இவங்களை நம்புறேன். ஆம்னு போடுங்க,” என்றார். “உங்களை நம்பல.”